கார்டு மாமா

கடையிலிருந்து முதலில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் அதை மதிக்கவில்லை. மறுநாள் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"சார், உங்க கார்டுல ரெண்டு வருசமா ஒரு பர்ச்சேஸும் இல்லீங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு வாங்கிட்டீங்கன்னா கார்டு அப்படியே ஓடும். இல்லீன்னா வருசக் கட்டணம் போட்டுருவாங்க. வேண்டாம்னா நேர்ல வந்து எழுதிக் குடுத்து க்ளோஸ் பண்ணிக்கலாங்க."

"ரெண்டு வருசம் ஆச்சுங்களா?" என்றேன்.

"ஆச்சுங்க சார். சிஸ்டத்துல காட்டுது."

சிஸ்டம் காட்டியது சரிதான். என் வீட்டுக்கு ஆள் வந்து போவது நின்று எவ்வளவு காலமாயிற்று என்று நான் அதுவரை கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பெண் தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். கார்டு ஓடியவரை ஆள் வந்தது. கார்டு நின்றது, ஆளும் நின்றது. ஒருவர்கூட வரவில்லை என்றால் அது பொய். பொங்கலுக்குத் தங்கை ஒரு நடை வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பேங்க் கார்டு அல்ல. தருமபுரியில் வீட்டுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையின் கடன் கார்டு. அந்தக் கடையைத் தவிர வேறெங்கும் அது செல்லாது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, எதை எடுத்தாலும் பத்து மாதத் தவணை, வட்டி கிடையாது. வட்டி கிடையாது என்பதை நான் நம்பவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுப்பவன்கூட ஏதோ ஒரு காரியத்தை மனதில் வைத்துத்தான் வாங்கிக் கொடுக்கிறான். கடைக்காரன் ஃப்ரிட்ஜைச் சும்மா கொடுப்பானா? ஆனால் என் தங்கை நம்பினாள். அவள் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்த நேரம். தாய்மாமன் சீராக ஒரு ஃப்ரிட்ஜாவது போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பணத்தில் பாதி நான் போடுவது, பாதி அவர்கள் தவணையாகத் தருவது என்று பேச்சு.

கார்டு வாங்கச் சம்பளச் சீட்டு வேண்டும். எங்கள் வகையறாவில் எல்லோரும் காடு கழனிக்காரர்கள். மரவள்ளி, தக்காளி, மாங்காய் என்று ஓடுகிறவர்கள். அந்தக் காலத்தில் மாதச் சம்பளச் சீட்டு வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பையன்கள் உடைக்கிற சோதனைக் குழாய்களைக் கணக்கெழுதி வைப்பதும், ஆசிட் பாட்டிலைப் பூட்டி வைப்பதும் வேலை. பாப்பாரப்பட்டியில் சொந்த வீடு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறவர்களுக்கு, பெண் கிடைக்கவில்லை என்று பதில் சொல்வேன். ஏதோ பெரிய கதையை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு கதையும் இல்லை. பெண் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு ஃப்ரிட்ஜ், தங்கை மகளைக் கட்டிக்கொடுத்த தீர்த்தமலைக்குப் போய் இறங்கியதோடு என் பெயரும் மாறிப்போயிற்று. ஒருவர் பார்த்து ஒருவர் சொல்லி, தங்கை வீட்டுக்கு டிவி, சித்தப்பா வீட்டுக்கு கிரைண்டர், தங்கை மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்ததும் அவனுக்கு வாஷிங் மெஷின் என்று என் கார்டு ஓடாத வீடு இல்லை. பிள்ளைகள் என்னைக் கார்டு மாமா என்று கூப்பிட ஆரம்பித்தன. முதலில் கோபம் வந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. சொந்தப் பெயரில் என்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

பில்லில் என் பெயர், என் நம்பர். அதனால் எந்த ஊரில் எந்த மெஷின் நின்றாலும் மெக்கானிக் எனக்குத்தான் போன் செய்வான். "சார், வீட்லதான இருக்கீங்க?" என்பான். "இருக்கிறேன், ஆனால் மெஷின் இங்கே இல்லை" என்பேன். தலையில் அடித்துக்கொள்வான். பத்து வீட்டு மெஷினுக்கு ஒரு சம்சாரி நான். எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது, எந்த வீட்டில் எலி வயரைக் கடித்தது என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

தவணை ஐந்தாம் தேதி. அதற்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் பணத்தோடு வருவார்கள். காலையில் எழுந்ததும் நான் கறிக்கடைக்குப் போய்விடுவேன். தங்கை மகள் தீர்த்தமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கையில் ஒரு பை தக்காளியோ அவரைக்காயோ இருக்கும். பணத்தை எடுத்து என் கையில் கொடுக்க மாட்டாள், அலமாரி மேல் வைப்பாள். நானும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். சாப்பிடுவோம். மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் குறை சொல்லுவாள். ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டு ஒரு தூக்கம் தூங்குவாள். எழுந்ததும் காபி. நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். முன்னே பின்னே பணம் தருகிறவர்களையும் சேர்த்தால், மாதத்தில் மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் வந்த காலமும் உண்டு.

பிறகு போனிலேயே பணம் அனுப்பும் வசதி வந்தது. மணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பணம் வந்துவிடும். ஆள் வர வேண்டியதில்லை. அதன் பின் கடைகளே ஆளாளுக்குக் கார்டு கொடுக்க ஆரம்பித்தன. சம்பளச் சீட்டு வேண்டாம், போனில் ஒரு படம் எடுத்தால் போதும் என்றார்கள். என் கார்டு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் ஓய்வு பெற்றதும் அதே சமயம்தான். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்று சொல்வார்களே, அதை நான் அந்த இரண்டு வருடத்தில் பல தடவை சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். தனியாக இருப்பவனுக்கு வாய் மட்டும் சும்மா இருப்பதில்லை.

அதனால் கார்டை மூடுவதா வைத்திருப்பதா என்பது எனக்குச் சின்ன விஷயமாக இல்லை. கணக்குப்படி பார்த்தால் மூட வேண்டும். எனக்கென்று வாங்க ஒன்றுமில்லை. ஒற்றை ஆளின் துணியை ஒரு வாளியில் அலசிவிடலாம். வருடக் கட்டணம் தெண்டம். ஆனால் மூடிவிட்டால், யாராவது எப்போதாவது "மாமா, உங்க கார்டுல ஒண்ணு எடுக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வரக்கூடும் என்ற நினைப்பும் முடிந்துவிடும். அந்த நினைப்பைத்தான் நான் இரண்டு வருடமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. தங்கைக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, வூட்டுக்கு ஏதாச்சும் வாங்கறதா இருந்தா சொல்லு. கார்டு சும்மா கெடக்குது."

"உங்களுக்கு எதுக்குண்ணா சிரமம்? பையன் போன்லயே பாத்துப் போட்டுடறான். வூட்டு வாசல்லயே கொண்டாந்து எறக்கறாங்க. போன வாரம் ஏசி வந்துச்சு."

"ஏசியா?"

"ஆமாண்ணா. வெயிலு தாங்கறதில்லைல்ல."

ஏசி வந்ததை என்னிடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் வலித்தது. ஒரு நாள் வந்துவிட்டுப் போ என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அண்ணன் கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டான் என்று அவள் யோசிப்பாள், யோசித்தால் பயப்படுவாள். "சரி, ஏசியை இருபத்தஞ்சுலயே வெச்சிக்குங்க, கரண்டு பில்லு ஏறிடும்" என்று புத்தி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அடுத்து தீர்த்தமலைக்கு, தங்கை மகளுக்கு. அவளிடம்தான் எனக்கு உரிமை அதிகம். "பாப்பா, கார்டு விஷயமா ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தேன். "கடையில இருந்து போன் மேல போன் வருது. மாசக் கடைசிக்குள்ள பாக்கணுமாம். அவசரமில்ல, உங்களுக்குத் தோதுப்பட்டாப் பாருங்க" என்றேன்.

"சரிங்க மாமா. அவருகிட்டச் சொல்றனுங்க" என்றாள். குரல் இறங்கிவிட்டிருந்தது.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போனில் அந்த மணிச் சத்தம். அவள் வீட்டிலிருந்து பணம் வந்திருந்தது. இரண்டு தவணைக்குச் சரியான தொகை.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்களுக்கு எடுத்த வாஷிங் மெஷின் தவணை ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு வருடம் தக்காளி விலை மண்ணோடு மண்ணாகப் போயிற்று. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டார்கள். அப்போது அவர்களால் இரண்டு தவணை தர முடியவில்லை. நான் கட்டிவிட்டேன். அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் எங்கள் பக்கம் சொந்தக்காரரிடம் யாரும் பணத்தை நேராகக் கேட்பதில்லை. சுற்றி வளைத்து, அவசரமில்லை என்று இரண்டு தரம் சொல்லித்தான் கேட்போம். அவசரமில்லை என்று சொன்னாலே அவசரம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிற ஜனம். நானே அத்தனை வருடமும் அப்படித்தான் தவணையை ஞாபகப்படுத்தியிருக்கிறேன். ஆக, நான் ஆளைக் கூப்பிட்டேன், பணம் வந்தது.

வாயைக் கொப்பளித்த கையோடு அவளைக் கூப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்கு நிதானம் இருக்காது.

"பணத்த யாரு கேட்டா?"

"நீங்கதானுங்க மாமா கார்டு விஷயம்னு..."

"அதுக்கு இல்ல. வூட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லலாம்னுதான் கூப்புட்டேன்."

பதறிப்போய்க் கேட்டாள். "ஏன் மாமா, உடம்பு சரியில்லீங்களா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் என்னத்துக்குங்க மாமா?"

அவள் மனதில் ஒன்றும் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். அன்றைக்கு நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தருமபுரி பஸ் ஏறினேன்.

கடையில் கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷன். "பழைய கார்டுங்க சார், மூடாதீங்க. மூடினா உங்க ஸ்கோர் கொறையும்" என்றார்.

"எந்த ஸ்கோருங்க?"

"நாளைக்கு நீங்க லோன் கீன் வாங்கணும்னா, எத்தன வருசமா ஒழுங்காக் கட்டியிருக்கீங்கன்னு பாப்பாங்க. உங்களுது ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குது சார். ஒரு தவணைகூட நாள் தவறல."

முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் யாரும் என்னை ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொன்னதில்லை. கொஞ்சம் தடுமாறினேன். ஒரு மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ வாங்கினால்கூடப் போதும் என்றார். கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். வரிசை வரிசையாக மெஷின்கள் நின்றன. எல்லாமே யாரோ ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியவை. என் வீட்டுக்கு என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. "எழுதிக்குங்க" என்றேன். தாளில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. உபயோகம் இல்லை என்று எழுதினேன். என் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் கார்டை இரண்டாக வெட்டிக் கூடையில் போட்டார். அது அவர்கள் வழக்கமாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், பாப்பாரப்பட்டி பஸ் நிற்கிற இடம் காலி. பக்கத்தில் அரூர் வண்டி கிளம்புகிற சத்தத்தில் நின்றது. "அரூர், தீர்த்தமலை, தீர்த்தமலை" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு நினைப்பு. ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. ஒரு சீப்புப் பழம்கூட இல்லை. தாய்மாமன், மருமகள் வீட்டுக்கு முதல் தடவையாகக் கையை வீசிக்கொண்டு போகிறேன். அரூரில் பஸ் நின்றபோது இறங்கி ஏதாவது வாங்கியிருக்கலாம். இறங்கினால் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பயந்து உட்கார்ந்தே இருந்தேன்.

மலை அடிவாரத்தில் அவர்கள் வீடு. அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா" என்று சொல்லும் முன் எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

"வண்டி பின்னால வருதுங்களா மாமா?"

"எந்த வண்டி?"

"சாமான் வண்டி. கார்டுல எங்களுக்கு ஏதோ எடுத்துட்டீங்களோன்னு நெனச்சன்."

"ஒண்ணும் எடுக்கல. சும்மாத்தான் வந்தேன்."

நம்பாத முகத்தோடு உள்ளே கூட்டிப்போனாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜ் அடுக்களை மூலையில் விதைப் பை வைக்கிற பெட்டியாக ஆகியிருந்தது. புதிது ஒன்று கண்ணாடிக் கதவோடு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தேன். எதைப் பற்றிப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இதற்கு முன் வந்தபோதெல்லாம் ஒரு மெஷினைப் பிரித்து மாட்டுகிற வேலை இருந்தது. அது முடியவும் சாப்பாடு ஆகவும் சரியாக இருக்கும். இப்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அவள் முட்டையை உடைத்து ஊற்றினாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்தார். கால் கழுவக்கூட இல்லை, என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"வாங்க மாமா. காலைலயே பணம் அனுப்பிட்டமே, வரலீங்களா?"

"வந்துருச்சுங்க மாப்ள. அதுக்கு வரல" என்றேன். அவர் சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் நான் கிளம்புகிற வரைக்கும் நான் வேறு எதையோ சொல்லத்தான் வந்திருக்கிறேன், எப்போது ஆரம்பிப்பேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பஸ் நிற்கும் இடம்வரை அவள் கூட வந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. மலை ஏறிவிட்டு வந்த கூட்டம் ஒரு பக்கம் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தது.

"கார்டு என்னங்க மாமா ஆச்சு?"

"காலைல மூடிட்டேன்."

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லு."

"எங்க வூட்டுக்கு நீங்க எத்தன தடவ வந்திருக்கீங்க, எண்ணிச் சொல்லுங்க பாக்கலாம். கல்யாணத்துக்கு ஃப்ரிட்ஜோட வந்தீங்க. வளைகாப்புக்கு மெஷினோட. எம் புள்ள பாப்பாளுக்குக் காது குத்தறப்ப டிவியோட. மூணே தடவ. ரெண்டு நாளு இருந்துட்டுப் போங்கன்னு கெஞ்சுனா, வேலை கெடக்குதுன்னு ஓடிருவீங்க. சும்மா வாங்க மாமான்னா, வெறுங்கைய வீசிட்டா வர்றதுன்னு கேப்பீங்க. சாமான் இல்லீன்னா உங்களுக்கு எங்க வூடு தெரியாதுன்னு நான் நெனச்சிக்கிட்டன்."

"நீங்க மட்டும்? தவணை முடிஞ்சதும் ஒருத்தராச்சும் வந்தீங்களா? போன்ல அனுப்பிட்டு ஆளே கண்ணுல படல."

அவள் நின்றுவிட்டாள். "போன்ல அனுப்பச் சொன்னது நீங்கதானுங்க மாமா."

"நானா?"

"பாப்பாளத் தூக்கிக்கிட்டு மழையில நனைஞ்சு வந்தன். ரெண்டு பஸ்ஸு மாறி. உள்ள வந்ததும் நீங்க என்ன சொன்னீங்க? எதுக்கு இத்தன தூரம் அலையற, எல்லாரும் போன்லதான் அனுப்பறாங்க, நீயும் அனுப்பிடுன்னீங்க. அவரு அதுக்கு முன்னயே போன்ல அனுப்பலாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான்தான் நேர்லயே குடுக்கறேன்னு வந்துட்டு இருந்தன். நீங்களே வேண்டாம்னப்பறம் எப்படி வர்றது?"

சொன்னேன். ஞாபகம் வந்தது. துண்டை எடுத்துக் கொடுத்து, பிள்ளையின் தலையைத் துவட்டச் சொல்லி, அதையும் சொன்னேன். உபசாரத்துக்குச் சொன்னது. "இல்லீங்க மாமா, நான் வர்றேன்" என்று அவள் மறுக்க வேண்டும், நான் சிரிக்க வேண்டும் என்று சொன்னது. அவள் மறுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அறுபது வயதில், தீர்த்தமலை பஸ் நிறுத்தத்தில், ஊர்ச் சனம் மோர் குடிக்கிற இடத்தில் காட்டினாள். அழுகை வந்துவிட்டது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிற மாதிரி நின்றேன்.

பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

"அடுத்த வாரம் வர்றேன் பாப்பா" என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் சங்கடப்பட்டது. "அடுத்த வாரம் அவரோட அம்மா வூட்டுக்குப் போறமுங்க மாமா. விசேசம்."

மற்ற நாளாக இருந்தால், பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஏறி உட்கார்ந்திருப்பேன். அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த வயதுவரை வந்து சேர்ந்தேன். படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். கண்டக்டர் உள்ளே போகச் சொல்லிச் சத்தம் போட்டார். நான் திரும்பி நின்று, "அதுக்கடுத்த வாரம்?" என்று கேட்டேன்.